துவாதசிக் கீரை

சுந்தரவல்லிக்கு அந்தப் பெண் மேல் முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது. கல்கத்தா லேக் மார்க்கெட்டில் அவள் மளிகைக் கடைக்கு ஏறி வருகிறவர்கள் எதையாவது வாங்குவார்கள், இல்லையென்றால் விலை கேட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். இவள் கறிவேப்பிலைக் கட்டை மோந்து பார்த்துவிட்டு, "இது எங்கேர்ந்து வருது ஆன்ட்டி?" என்றாள்.

"செடியிலேர்ந்து."

பெண் சிரித்தாள். பெயர் சுபிக்ஷா. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். "பிஎச்டி பண்றேன். மருந்தடிக்காத காய், கீரை எல்லாம் பெரிய மண்டிக்குப் போகாம நேரா ஊருக்குள்ள வருதில்ல? அது இன்னும் பெருசா நடக்க முடியுமான்னு ரிசர்ச்."

"கீரைக்குக் கூட பிஎச்டியா? நான் எல்லாம் மண்டியிலதான் எடுக்கிறேன், போய்ட்டு வா."

அது பொய். போன வருஷம் இப்படித்தான் ஒரு பையன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, இட்லி அரிசி யாரிடம் வாங்குகிறீர்கள் என்று தேனொழுகப் பேசினான். அடுத்த மாதமே அதே அரிசி, போனில் அழுத்தினால் ஏதோ கம்பெனி மூலம் வீட்டு வாசலுக்கு வந்தது. கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் கம்பெனி குமாஸ்தாவாக இருந்த கணவர் இறந்த பிறகு, இந்தக் கடையை வைத்துத்தான் அவள் மகளைக் கரையேற்றினாள். அரிசி வியாபாரம் போய், பருப்பு விற்பதும் குறைந்து, ஆட்களைக் கடைக்கு இழுக்க மிஞ்சியிருந்தது அகத்திக்கீரை. ஏகாதசி பட்டினி இருக்கும் வீடுகள் மறுநாள் துவாதசி காலையில் பாரணை செய்து பட்டினி முடிக்க அதற்காக வந்தே தீரும். வந்த கையோடு மற்ற சாமானும் வாங்கும்.

அந்தக் கீரை நகரத்துக்குத் தெற்கே பாருய்ப்பூரிலிருந்து மாலதி என்ற வங்காளிப் பெண் கொண்டுவருவது. வங்காளிகள் அகத்திப் பூவைத்தான் மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள், இலை ஆட்டுக்கு. ஆட்டுக்குப் போனதைக் கட்டுக்கட்டாய்ப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிப் பழக்கியவள் சுந்தரவல்லி. மாலதி எந்த ஊர் என்பதைக்கூட அவள் யாரிடமும் சொன்னதில்லை.

துவாதசியன்று காலை சுபிக்ஷா மறுபடி வந்து நின்றாள், கையில் போனோடு. சரியாகக் கீரை வருகிற நாளில் எப்படி வந்தாள்? சுந்தரவல்லி கடையிலிருந்து இறங்கினாள். மூட்டையோடு வந்த மாலதியைத் தெருமுனையிலேயே மறித்து, கையைப் பிடித்துப் பின்சந்துக்கு இழுத்துப்போனாள்.

"அந்தப் பெண் கேட்டால் வாயைத் திறக்காதே. மூட்டையை இங்கேயே இறக்கு. இந்தப் பக்கமாகவே போய்விடு" என்றாள் வங்க மொழியில்.

மாலதி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "என்னை எதற்கு அக்கா ஒளிக்கிறாய்?" மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

அடுத்த துவாதசிக்கு அவள் வரவில்லை. "பாரணைக்கு நாழியாறதே, கீரை எங்கடீம்மா?" என்று ஒரு மாமி கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு மாமி கீரைப் பையோடு அந்தப் பக்கம் போனாள். "உன் ஆள் எங்க பில்டிங் வாசல்லேயே உட்கார்ந்திருக்காளே. தெரியாதா நோக்கு?"

சுந்தரவல்லி கடையைப் பாதி சாத்திவிட்டு ஓடினாள். மாலதி சாக்கு விரித்து விற்றுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெண் கம்பெனி ஆள், மாலதி. உன்னை வளைத்துப் போட வந்தவள்."

"நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. திருட்டுச் சரக்கு மாதிரி என்னைச் சந்தில் தள்ளினாய். எனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது என்றுதான் கீரை வாங்குகிற வீடுகளுக்கே நேரே வந்து பார்த்தேன்." கட்டு ஒன்றைக் கொடுத்துக் காசை முடிந்துகொண்டாள். "சரி, கம்பெனியே வரட்டும். எனக்கென்ன நஷ்டம்?"

சுந்தரவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. நஷ்டம் முழுக்கத் தன்னுடையது. அதை இவ்வளவு வருஷமாக மாலதியின் நஷ்டமாகவே நினைத்துப் பழகியிருந்தாள்.

"எனக்குத்தான் நஷ்டம்," என்றாள் சுந்தரவல்லி. "என் கடை வாசலில் வந்து உட்கார். நீயே விற்றுக்கொள். கீரைக்கு வருகிறவர்கள் என்னிடம் புளி, பருப்பு வாங்கினால் போதும்."

மாலதி யோசித்தாள். "யார் என்ன கேட்டாலும் நான் பேசுவேன்."

"பேசு."

அடுத்த துவாதசியன்று மாலதி கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். சுபிக்ஷா எதிரில் குந்திக்கொண்டு வங்க மொழியில் கேள்விகளைப் பொழிந்தாள். மரம் எத்தனை, எரு என்ன, பக்கத்து வீட்டாரும் இப்படிக் கொடுப்பார்களா. மாலதி ஆற அமரப் பதில் சொன்னாள். உள்ளே சுந்தரவல்லி, ஒரு மாமி கேட்ட துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தாள். காது முழுக்க வாசலில்.

"பருப்பு ஜாஸ்தியா விழறதுடி," என்றாள் மாமி.

"விழட்டும் மாமி, கொஞ்சம் பேசாம இருங்க. அந்தப் பொண்ணு மாலதியோட போன் நம்பர் கேக்கிறா."