ரேடியேட்டர் மாத்துன வேன்ல அப்பாவை ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம்

நேத்து காக்காபாளையம் தாண்டி, ஹைவே ஓரமா நின்னப்போ எனக்கு அழுகையே வந்துருச்சுங்க.

வேனுக்குள்ள அப்பா மல்லாக்கப் படுத்திருக்கார். முதுகுல ஆபரேஷன் பண்ணின ஒடம்பு.

வெளிய வெயில் கொளுத்துது. எஞ்சின் கொதிக்குது.

மொதல்ல இருந்தே சொல்லிடறேன்.

எங்க ஊட்டுக்காரருக்கு எடப்பாடியில தறிப்பட்டறை. அது போக மிச்சமிருக்கற நேரமெல்லாம் ஒரு பழைய வேனுக்கு. அவரை விட வயசுல மூத்த வண்டி.

(என்னையக் கூட அவ்வளவு நேரம் உத்துப் பாத்ததில்லை. சொன்னா கோவிச்சுக்குவார்.)

அதோட எஞ்சின் செத்துப்போச்சு. கழிச்சுப் போட்ட ஒரு டீசல் கார்ல இருந்து எஞ்சினை எடுத்து இதுல உக்கார வெச்சார்.

(ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதி வாங்கியாச்சுங்க. கமெண்ட்ல சண்டைக்கு வந்துராதீங்க.)

புது எஞ்சின் பெருசு, அதோட சூட்டுக்குப் பழைய ரேடியேட்டர் பத்தல. கொண்டலாம்பட்டியில அவரோட சிநேகிதர் ஷெட்டுல வண்டியப் போட்டு, முன்னாடி கிரில்லுக்குப் பின்னால வெட்டி வெல்டு வெச்சு, பெரிய ரேடியேட்டரா மாட்டினார். அதுக்கு ஒரு கரண்டு ஃபேன். தண்ணி போய் வர புது ஹோஸ் பைப்பு.

ஷெட்டுலயே ரொம்ப நேரம் ஓட விட்டுப் பாத்தாராம். சூடு காட்டற முள்ளு நடுவுலயே நின்னுதாம். ஃபோன்ல அந்தச் சந்தோஷம் தாங்கல.

ரோட்டுல ஓட்டிப் பாக்கறதுக்குள்ள ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஆஸ்பத்திரில அப்பாவை டிஸ்சார்ஜ் பண்றோம்னுட்டாங்க.

உக்காரவே கூடாது, படுத்துட்டுத்தான் போகணும்னு டாக்டர் சொன்னார். நான் ஆம்புலன்ஸ் பேசலாம்னேன். அப்பா ஒத்துக்கவே இல்லை.

"ஆம்புலன்ஸ்ல போய் ஊட்டு முன்னால எறங்குனா ஊரே மாலை வாங்கிட்டு வந்துரும் சாமி. மாப்ள வேன் வரட்டும்."

பின் சீட்டைக் கழட்டிட்டு, பலகை போட்டு, மெத்தை விரிச்சு, அப்பாவை அசையாம படுக்க வெச்சோம். எஞ்சின் முன்சீட்டு ரெண்டுக்கும் நடுவுல. அந்தப் பக்கம் கால் இருக்கற மாதிரி. நான் தலைமாட்டுல உக்காந்துக்கிட்டேன்.

டவுனுக்குள்ள எல்லா சிக்னல்லயும் நின்னு நின்னு வந்தோம். முள்ளு அசையல.

ஹைவே ஏறினோம். வேகம் எடுத்தார். முள்ளு மேல போக ஆரம்பிச்சுது.

மெதுவாப் போனா எறங்குது. வேகமாப் போனா ஏறுது. எங்க ஊட்டுக்காரர் கண்ணாடியில என்னையப் பாக்கறார். நான் கையக் காட்டி, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்னு சைகை பண்றேன். அப்பா கண்ணை மூடிட்டு இருந்தார். நல்லவேளை தூங்கறார்னு நெனச்சேன்.

எனக்கு என்னென்னமோ தோணுது. நடு ரோட்டுல வண்டி நின்னுட்டா? பைப்பு வெடிச்சு சுடுதண்ணி உள்ள தெறிச்சா? அவசரத்துக்கு அப்பாவால எந்திரிச்சு ஓடக்கூட முடியாதே?

முள்ளு சிவப்பைத் தொடறதுக்குள்ள ஒரு வேப்பமரத்தடியில ஓரங்கட்டினார். எஞ்சினை நிறுத்தல. ஃபேன் சுத்தட்டும்னார்.

எறங்கினவர் கையில துண்டைச் சுத்திட்டு நேரா ரேடியேட்டர் மூடிய திறக்கப் போறார். ஓடிப்போய் கையப் புடிச்சேன். இப்பத் திறந்தா மூஞ்சியே வெந்துருமே. அவருக்குத் தெரியாததா? பதட்டத்துல மறந்துட்டார்.

தண்ணிக்குள்ள எங்கியோ காத்து மாட்டியிருக்கும்னு அவரா பொலம்பிட்டு இருந்தார். நான் என்ன பண்றதுன்னு தெரியாம வேனுக்கு முன்னால போய் நின்னேன்.

என் துப்பட்டா என் மூஞ்சிலயே வந்து அடிச்சுது.

அனல் காத்து. கிரில்லுக்குள்ள இருந்து வெளிய வருது.

"ஏனுங்க, இந்த ஃபேன் காத்தை உள்ள இழுக்கணுமா, வெளிய தள்ளணுமா?"

"உள்ள இழுக்கணும்."

"அப்பறம் எதுக்கு எம்மேல அடிக்குது?"

அவர் கைக்குட்டைய எடுத்து கிரில் முன்னால புடிச்சார். படபடன்னு எங்க பக்கம் பறந்துச்சு.

ஃபேனுக்கு ஒயரை மாத்திக் குடுத்திருக்கார். அது எதிர்ப்பக்கமா சுத்துது. நின்னுட்டு இருந்தா அந்தக் காத்தே போதும். ஓடறப்போ ரோட்டுக் காத்து உள்ள வரப் பாக்குது, ஃபேன் அதை வெளிய தள்ளுது. ரெண்டும் மோதினா ரேடியேட்டருக்கு என்ன கெடைக்கும்?

எஞ்சினை அமத்தினார். அப்பா கண்ணைத் திறந்து, என்ன சாமின்னு கேட்டார். உங்க மாப்ள டீ குடிக்கறாருன்னு புளுகினேன்.

சூடு தணியற வரைக்கும் ஒரு அட்டைய வெச்சு அப்பாவுக்கு விசிறிட்டு இருந்தேன். எங்க ஊட்டுக்காரர் ரெண்டு ஒயரையும் புடுங்கி மாத்திச் சொருகினார். மறுபடி கைக்குட்டைய நீட்டினார்.

கிரில்லோட போய் ஒட்டிக்கிச்சு!

அப்பவும் எனக்கு நம்பிக்கை வரல. கொங்கணாபுரம் வரைக்கும் முள்ளையே பாத்துட்டு வந்தேன். அசையல. எடப்பாடி வந்துருச்சு.

அக்கம்பக்கத்து ஆளுங்க வந்து மெத்தையோட தூக்கிக் கட்டில்ல விட்டாங்க. எல்லாரும் போனப்பறம் அப்பா மெதுவா சொன்னார்.

"எஞ்சின் பக்கம் கால் இருந்துச்சா, சூடு ஏறுனது எனக்குத் தெரிஞ்சுது சாமி. நீங்க ரெண்டு பேருமே பயந்து போய் இருந்தீங்க. நானும் கேட்டா இன்னும் பயப்படுவீங்கன்னு கண்ணை மூடிக்கிட்டேன்."

எங்க ஊட்டுக்காரர் கட்டில் ஓரமா உக்காந்து, அப்பாவோட ரெண்டு பாதத்தையும் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டே இருந்தார்.

பழைய வண்டிக்குக் கரண்டு ஃபேன் மாட்டியிருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா, இப்பவே போய் கிரில் முன்னால ஒரு கைக்குட்டையப் புடிச்சுப் பாருங்க.

ஒட்டுதா, பறக்குதா?