ஐந்தாம் பெட்டியின் எடை

ராட்டினத்தில் ஏற வருபவர்களின் எடையைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார் என்பதால் அவருக்குத் தராசு என்று பெயர் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் பத்தொன்பது வருடமாக அவருக்கு ஒரே வேலை. ராட்டினத்துக்கு ஏறும் மேடையில் நிற்பார். வருகிற ஆளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்ப்பார். எழுபத்தெட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, "நீங்க ஏழுல ஏறுங்க" என்பார். ஏன் ஏழு, மூன்று ஏன் கூடாது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

விஷயம் இதுதான். ராட்டினத்தில் பதினாறு பெட்டிகள். எதிரெதிரே இருக்கும் இரண்டு பெட்டிகளில் பாரம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்தும்போது கனமான பக்கம் கீழே இழுக்கும். இறங்க வேண்டிய பெட்டி மேடைக்கு நேராக நிற்காமல் தள்ளிப் போய் நிற்கும். பழைய ராட்டினம், ரோஷம் அதிகம். பத்து கிலோ வித்தியாசத்தைக்கூட நாலு பேர் பார்க்கக் காட்டிக்கொடுத்துவிடும். முன்பெல்லாம் அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியைக் கையால் இழுத்துப் பிடித்து, ஆளுக்கு ஒரு கை கொடுத்து இறக்கிவிட்டால் முடிந்தது.

அப்புறம் ஊரெங்கும் தொற்றுநோய் வந்தது. பூங்காவைப் பூட்டினார்கள். பதினான்கு மாதம் பூட்டு தொங்கியது.

வீட்டில் அடைந்து கிடந்த தராசுக்கு எடை போட ஆள் கிடைக்காதது பெரிய குறை. ஜன்னலைத் திறந்தால் தெரு காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் டிவியில் வருகிறவர்களை எடை போட்டார். "இந்தச் செய்தி வாசிக்கிற பொண்ணு மூணு கிலோ கூடிட்டா, பாத்தியா?" என்பார் மனைவியிடம். "அவ கூடட்டும். நீங்க கொஞ்சம் கால எடுங்க, பெருக்கணும்" என்பாள் அவள். இவரும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் காலை மட்டும் தூக்குவார்.

பூங்கா திரும்பத் திறக்கப் போகிறது என்று செய்தி வந்தபோது தராசுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சம்பளம் முழுசாக வரும் என்பது ஒரு பக்கம். அதைவிட, ஊரே பதினான்கு மாதம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்ததே, யார் எவ்வளவு ஏறியிருப்பார்கள், யார் எவ்வளவு இறங்கியிருப்பார்கள் என்று பார்க்க அவருக்குக் கண் அரித்தது.

திறப்பதற்கு முதல் நாள் புது மேலாளர் எல்லோரையும் அழைத்து விதிமுறைகளை வாசித்தார். இளம் வயது. சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றும் எழுதும், அப்படிப்பட்ட மனிதர். வழக்கமான கூட்டத்தில் கால்வாசிப் பேரைத்தான் உள்ளே விடலாம். முகக்கவசம் இல்லாமல் யாரும் வரக் கூடாது. ராட்டினத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக எட்டுப் பெட்டிகளில்தான் ஆள் ஏற்றலாம், ஒரு வீட்டார் ஒரு பெட்டி, அவர்களைப் பிரிக்கவும் கூடாது, இன்னொருவரோடு சேர்க்கவும் கூடாது. ஊழியர்கள் வருபவர்களைத் தொடவே கூடாது.

வாசித்து முடித்தவர் ராட்டினத்தின் கட்டுப்பாட்டு அறைக்குப் பின்னால் தராசைக் கூட்டிப் போனார். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அங்கே ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எடை பார்க்கும் மெஷின்.

"இது எதுக்கு சார்?" என்றார் தராசு. எதற்கென்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பெட்டி மேடையில இருக்கிற மஞ்சள் கோட்டத் தாண்டி நின்னா, முன்ன மாதிரி கை குடுத்து இறக்க முடியாது. தொடக் கூடாதுன்னு ரூல். யாராவது புகார் குடுத்தா அன்னிக்கே ராட்டினத்த மூடச் சொல்லிடுவாங்க."

"என் கண்ணு இருக்கே சார்."

"சரி, மூணு நாள் பாப்போம். ஒரு தடவ கோட்டத் தாண்டினாலும் இந்த மெஷின் உங்க இடத்துல நிக்கும். நீங்க வாசல்ல டெம்பரேச்சர் பாக்கப் போயிடுங்க."

தராசு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாசலில் நின்று வருகிறவன் போகிறவன் நெற்றிக்கெல்லாம் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிக்கொண்டிருக்கும் வேலை! அதில் பார்க்க என்ன இருக்கிறது? எல்லோருக்கும் முப்பத்தாறு சொச்சம்தான் வரும்.

கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ராட்டினத்தை ஓட்டுகிறவரை எல்லோரும் பட்டன் அக்கா என்பார்கள். தராசைவிட நாலு வயது மூத்தவர். வாயும் நாலு முழம் நீளம். "ஏம்பா தராசு, அந்த மெஷினுக்கு ஒரு மாலை வாங்கிப் போட்டு வரவேற்பமா?" என்று சிரித்தார்.

முதல் நாள் முதல் சுற்றிலேயே சோதனை. பெட்டி மஞ்சள் கோட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னும் இரண்டு விரல் போயிருந்தால் அவ்வளவுதான். எங்கே கணக்கு தப்பியது என்று யோசித்தபோதுதான் ஒரு விஷயம் தராசுக்கே புரிந்தது. இத்தனை வருடமாக அவர் எடையைப் பார்த்தது தாடையில். கன்னமும் கழுத்தும் சேரும் இடத்தில் எல்லாமே எழுதியிருக்கும். இப்போது அதன் மேல் துணி.

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் யானை அங்கேயே உட்கார்ந்துவிடாது. தராசு பார்வையைக் கீழே இறக்கினார். நடையைப் பார்த்தார். செருப்பு தரையில் எப்படி விழுகிறது, மேடையில் ஏறும்போது இரும்புத் தகடு என்ன சத்தம் போடுகிறது என்று கவனித்தார். விதிமுறையே அவருக்கு உதவியும் செய்தது. முன்பு எள் போட்டால் எள் விழாத கூட்டத்தில் ஆளைப் பார்ப்பதே பாடு. இப்போது ஆறடிக்கு ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு ஆளாக, கடையில் பொருளை அடுக்கி வைத்த மாதிரி நிறுத்தியிருந்தார்கள். தராசு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

என்னென்னவோ தெரிந்தது. முன்பு மாதாமாதம் வரும் தடித்த வாத்தியார் பாதியாகியிருந்தார். ஒல்லிக்குச்சியாக இருந்த தையல்காரர் தான் தைத்த சட்டைக்குள்ளேயே அடங்கவில்லை. பலருக்குச் செருப்பு புதிது, நடை பழசு. எப்போதும் கணவரோடு வரும் ஒரு அம்மாள் அன்றைக்குத் தனியாக வந்தார். ஐம்பத்துநாலும் எண்பதும், ஜோடியாக நூற்று முப்பத்துநாலு. உங்க எண்பது எங்கே என்பது தராசின் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. எதிர்ப் பெட்டியில் தனியாக வந்திருந்த ஒரு இளம் பெண்ணைத் தேடி உட்காரவைத்து, அந்த அம்மாளை மெதுவாக ஏற்றிவிட்டார்.

முதல் நாள் தாண்டியது. இரண்டாம் நாளும் தாண்டியது. பெட்டிகள் கோட்டைத் தொடாமல் மேடைக்கு நேராக அடங்கி நின்றன. "மெஷின் பயந்துபோய் மூலையில ஒளிஞ்சுக்கிச்சு பாரு" என்றார் பட்டன் அக்கா.

மூன்றாம் நாள் காலை முதல் ஒரு மணி நேரம் ஊழியர்களின் குடும்பத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். தராசின் மனைவியும் மகளும் வந்தார்கள். மனைவி இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். வாசல் தாண்டுவதற்குள் ஒன்று காலி. "இங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்பதுதான் பூங்காவுக்குள் அவள் கேட்ட முதல் கேள்வி. "ராட்டினத்தப் பாக்க வந்தியா, பாத்ரூமப் பாக்க வந்தியா?" என்று தராசு கிண்டல் செய்தார்.

மகளை வட்டத்தில் நிற்கவைத்து ஆசைதீரப் பார்த்தார். என்னமாய் வளர்ந்துவிட்டாள்! முப்பத்துநாலு. பக்கத்தில் நின்ற மனைவிக்கு அறுபத்திரண்டு. மொத்தம் தொண்ணூற்றாறு. ஐந்தாம் பெட்டி. குடும்பம் வெளியூரில் இருப்பதால் தனியாக வந்திருந்த வாசல் காவலரை நன்றாகப் பார்த்தார். அவரும் தொண்ணூற்றாறு. எதிரே இருக்கும் பதின்மூன்றாம் பெட்டி. கையில் நிறுத்துக் கொடுத்த மாதிரி பொருத்தம்.

மேலாளர் மேடையோரம் வந்து நின்றார். இந்த ஒரு நாள் போனால் மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுவார். ராட்டினம் சுற்றியது. மேலே போனபோது மகள் கையை ஆட்டினாள். தராசும் ஆட்டினார். பட்டன் அக்கா நிறுத்தினார்.

முதல் பெட்டி மேடைக்கு வந்தது. நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது.

அக்கா மெல்ல மெல்லப் பின்னால் ஓட்டிச் சரிசெய்து, ஒவ்வொரு பெட்டியாக எல்லோரையும் இறக்கினார். மேலாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார்.

"பதிமூணு பக்கம்தான் இழுத்துச்சு" என்றார் அக்கா தராசிடம் மட்டும் கேட்கும்படி.

தராசு நேராகக் காவலரிடம் போனார். "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. எவ்வளவு எடை?"

"தொண்ணூத்தாறு. டாக்டர் சொல்லி வாராவாரம் பாக்குறேன், நேத்துகூடப் பாத்தேன். ஏன்?"

சரியாகத்தான் இருந்தது. மற்ற பெட்டிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எல்லோரையும் கூர்ந்து பார்த்திருந்தார். மகளையும் பார்த்திருந்தார். அப்படியானால் ஐந்தாம் பெட்டி இலேசு. ஐந்தாம் பெட்டியில் அவர் பார்க்காமல் ஏற்றிய ஆள் ஒருத்திதான். அறுபத்திரண்டு என்பது பார்த்துச் சொன்ன எண் இல்லை. எந்தக் காலத்திலோ மனப்பாடமான எண்.

மனைவி ஓரமாக நின்று இரண்டாவது பாட்டிலைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவளை வட்டத்தில் நிற்கும் ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். இடுப்பில் துணியைச் சுருக்கி ஊக்கு குத்தியிருந்தது. பாத்திரம் கழுவும்போது கழன்று விழுகிறது என்று மோதிரத்தை அலமாரியில் வைத்துவிட்டதாக எப்போதோ சொன்னாள். அதற்கும் இவர் டிவியைப் பார்த்தபடி "சரி" என்றார்.

பட்டன் அக்கா அறையிலிருந்து தலையை நீட்டினார். "ஏம்பா, பிரேக் தேஞ்சுபோச்சுன்னு நான் சொல்லிடறேன். பழைய பிரேக்தானே, நம்புவாங்க. நீ வாயத் திறக்காத."

தராசுக்கு அது காதில் விழுந்தது. ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பத்தொன்பது வருட இடம் அப்படியே இருக்கும். மேலாளர் பக்கத்தில் வந்தார். "என்ன ஆச்சு?"

"பிரேக்ல தப்பில்ல சார். என் கணக்குதான் தப்பு. அந்த மெஷின எடுத்துட்டு வரட்டுமா?"

"இப்பவேவா? நாளைக்கு வெச்சுக்கலாமே."

"இப்பவே வேணும் சார்."

தராசே போய்ப் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். மெஷினைக் கொண்டுவந்து மனைவியின் முன்னால் வைத்தார். "ஏறு."

"எல்லார் முன்னாடியுமா? என்னங்க இது?"

"ஏறும்மா."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். எண்கள் ஓடி நின்றன. நாற்பத்தேழு.

"நல்லதுதானே, உங்க ராட்டினத்துக்குப் பாரம் குறைஞ்சுது" என்று அவள் சிரித்தாள். தராசு சிரிக்கவில்லை. பதினைந்து கிலோ. ஒரே வீட்டில், ஒரே அறையில், அவர் கண்ணெதிரே பதினைந்து கிலோ கரைந்து போயிருக்கிறது. டிவியில் எவளோ மூன்று கிலோ கூடியதைக் கண்டுபிடித்த கண்ணுக்கு இது தெரியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனார். வெறும் வயிற்றில் சர்க்கரை முந்நூற்றுச் சொச்சம். "தண்ணி தண்ணின்னு கேட்டிருப்பாங்களே, அடிக்கடி பாத்ரூம் போயிருப்பாங்களே, கவனிக்கலையா?" என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா மயக்கமாத்தான் தூக்கிட்டு வந்திருப்பீங்க." தராசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவிதான், "நானே அவர்கிட்ட சொல்லல, அவர் என்ன பண்ணுவார்" என்று பரிந்து பேசினாள். அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேலாளர் சொன்ன சொல் தவறவில்லை. மெஷின் மேடையில் நின்றது. தராசு வாசலில் நின்று நெற்றிகளுக்குத் துப்பாக்கி நீட்டினார். எல்லோருக்கும் முப்பத்தாறு சொச்சம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்கா திறப்பதற்கு முன் மனைவி வருவாள். மருந்து ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்த ஒரு ஞாயிறு. மெஷினுக்கு முன்னால் அவளை நிறுத்தி, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு, ஆறடி தள்ளி நின்று தராசு பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், விரலில் திரும்ப வந்திருந்த மோதிரத்தைப் பார்த்தார்.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க? அக்கா சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். பதினாலு மாசம் பாக்காம விட்டுட்டேன்."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்பத்தொண்ணு" என்றார்.

அவள் ஏறினாள். பட்டன் அக்கா குனிந்து எண்ணைப் படித்தார். "தப்பு! அம்பத்திரெண்டு!"

பத்தொன்பது வருடத்தில் கணக்கு தப்பியதற்காகத் தராசு சிரித்தது அன்றைக்குத்தான்.