விளக்கு முன்னால் செருப்பு

பொன்னாடையைப் பிரிக்கிற அந்தச் சரசர சத்தம் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் குமட்டும். கல்யாண வீட்டில் யாராவது யாருக்காவது போர்த்தினால்கூட, எழுந்து கை கழுவுகிற பக்கம் போய்விடுவேன். எல்லாம் அந்த ஒரு கோடையில் வந்த வினை.

எம்.பி.ஏ. முதல் வருஷம் முடிந்ததும் கோடை விடுமுறையில் ஏதாவது சேவை நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது எங்கள் கல்லூரி விதி. கூடப் படித்தவர்கள் பெங்களூர், ஹைதராபாத் என்று பறந்தார்கள். எனக்குச் சொந்த ஊர் போடி. வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே முடித்துவிடலாம் என்று தேனியில் ஒரு மருத்துவ அறக்கட்டளையில் சேர்ந்தேன். கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களுக்கு வேனில் போய், சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைச் சோதித்து, உணர்ச்சி மரத்துப்போனவர்களுக்கு அளவெடுத்து மெத்தென்ற செருப்பு செய்து தருவார்கள். சும்மா சொல்லக் கூடாது, வேலை நல்ல வேலைதான். நடத்திய ஆள்தான் விளங்காத ஆள். செயலாளர் என்று ஒருத்தர். வெள்ளைச் சட்டையில் கசங்கல் விழாமல் உட்காருவதற்கே பாதி நாள் போகும் அவருக்கு.

அனுமந்தன்பட்டி முகாமில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே குத்திப் பார்ப்பார்கள். தெரிந்தால் சொல்ல வேண்டும். அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பேசாமல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆரம்பிங்க தாயி, நான் ரெடி” என்றார். நர்ஸ் இரண்டு காலையும் குத்தி முடித்துவிட்டு இழையை டப்பாவில் போட்டு மூடியிருந்தார்.

அக்கா மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போனவர். காலில் முள் ஏறியது தெரியாமலே நாள் முழுக்க நடந்து, புண் வைத்து, அது ஆறுவதற்குள் வேலை போய்விட்டது. “காலச் சரி பண்ணிட்டு வந்தா ஏத்திக்கிறேன்னு ஜீப்புக்காரக சொல்லிட்டாக. ஆடியில காயெடுப்பு ஆரம்பிச்சிரும். அதுக்குள்ள செருப்பு வந்துருமா பாப்பா?” என்று கேட்டார். வந்துவிடும் என்றேன்.

வந்தும்விட்டது. பேர் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஆபீஸ் பின்னறையில் அடுக்கிவிட்டார்கள். அடுத்த வேனிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே சார் என்றேன். செயலாளர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“அங்கன போயி சும்மா குடுத்துட்டு வந்தா யாருக்கும்மா தெரியும்? மேடை போட்டு, பெரிய மனுஷன் கையால குடுக்கணும். நீ படிக்கிற மார்க்கெட்டிங்ல இதெல்லாம் வராதா?”

பெரிய மனுஷன் ஒரு மில் முதலாளி. முதலில் குறித்த தேதியில் அவர் பேத்திக்குக் காதுகுத்து. அடுத்து குறித்ததில் வீரபாண்டித் திருவிழா வந்துவிட்டது, ரோட்டில் கார் நகராது என்று தள்ளிவைத்தார்கள். நடுவில் அக்கா எனக்குப் போன் போட்டார். செருப்பு வந்துவிட்டது, விழாவில்தான் தருவார்கள் என்று சொன்னேன். “செருப்புக்கா விழா?” என்றார் அக்கா. கேலி இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

கடைசியில் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. மேடையில் ஆளுயரக் குத்துவிளக்கு. விளக்கு ஏற்றின மேடையில் செருப்புக் காலோடு ஏறக் கூடாதே, அதனால் செருப்பு வாங்க வந்த அத்தனை பேரும் பக்கவாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. வரிசை வாசலைத் தாண்டி முற்றத்துச் சிமென்ட் தரையில் வெயிலில் நீண்டது. உள்ளே முதலாளி தன் அப்பாவின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார்.

நான் என் செருப்பைக் கழற்றி அந்தத் தரையில் கால் வைத்துப் பார்த்தேன். தோசைக்கல்தான். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். மற்றக் கால்களாக இருந்தால் துள்ளி நிழலுக்கு ஓடியிருக்கும். அந்த வரிசையில் ஒரு காலும் அசையவில்லை. சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

மேடைப் பக்கம் ஓடிச் செயலாளரிடம், “சார், அவங்களுக்குச் சூடு தெரியாது. செருப்பப் போட்டு நிக்கச் சொல்லுங்க, இல்ல உள்ள கூப்பிடுங்க” என்றேன்.

“விளக்கு முன்னாடி செருப்போட ஏறச் சொல்றியா? நல்ல குடும்பத்துப் பொண்ணுதான நீ?” என்றார். கேமராக்காரரைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

திரும்பி வந்து நானே எல்லாரையும் செருப்பைப் போடச் சொன்னேன். ஒருத்தரும் கேட்கவில்லை. “சாமி விளக்கு எரியுதுல்ல தாயி, தப்பு” என்று அந்த அக்காவே என்னைச் சமாதானப்படுத்தினார். கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்தேன். இடம் போய்விடும் என்று திரும்பி ஓடிப்போய் நின்றுகொண்டார்.

இதில் இன்னொரு கூத்து. செருப்பைக் கையால் தொட முதலாளிக்கு அருவருப்பாம். அதனால் ஜிகினாத் தாள் சுற்றிய பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அவர் பெட்டியைக் கொடுக்க, ஃபோட்டோ எடுக்க, அவருக்கு ஒரு பொன்னாடை, செயலாளருக்கு ஒரு பொன்னாடை. சீ, என்ன மனுஷர்கள்.

அந்த வாரமே வேனில் போனபோது அக்காவின் உள்ளங்காலைப் பார்த்தேன். இடது பாதத்தில் தோல் வழன்று, கட்டியிருந்த பழந்துணி சதையோடு ஒட்டியிருந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஆஸ்பத்திரியில் கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். விஷயத்தைச் செயலாளரிடம் சொன்னேன். உச்சுக் கொட்டினார். அப்புறம் சொன்னார்: “இனி அந்தச் செருப்பு அந்தம்மாவுக்கு ஆகாதுல்ல? நீ போயி வாங்கிட்டு வந்துரு. அடுத்த விழாவுக்கு ஆகும்.”

வேறு யாரையாவது அனுப்பினால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்றுதான் நான் போனேன். கேட்கவும் மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் ஆபீஸிலிருந்து ஏற்கெனவே போன் போட்டுச் சொல்லியிருந்தார்கள். அக்கா கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜிகினாத் தாள் பிரிக்காத பெட்டி.

“மொதநாளு ஜீப்புல ஏறும்போது போடலாம்னு வச்சிருந்தேன் பாப்பா. அவுக வேற ஆளப் பாத்துட்டாக” என்றார். பெட்டியை வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. தாளைக் கிழியாமல் பிரித்து, இடதுகால் செருப்பை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்தார். “இத வேணா கொண்டுபோயிக் குடுத்துரு. வலது காலு இன்னும் முழுசாத்தான இருக்கு. அதுக்கு ஒண்ணு நான் வச்சுக்கிறேன்.”

பஸ் ஏறி தேனிக்கு வந்தேன். செயலாளர் மேசையில் கண்ணாடிக்கு அடியில் அந்த விழா ஃபோட்டோ இருந்தது. அதற்கு மேலே ஒற்றைச் செருப்பை வைத்தேன். நாற்காலியோடு பின்னால் போனார்.

“செருப்பப் போயி மேசை மேல வைக்கிறியே. எடு மொதல்ல.”

“அடியப் பாருங்க சார். ஒரு பொட்டு மண்ணு இல்ல” என்றேன். எடுக்கவில்லை.