வதந்தியின் வல்லூறு

உயர் அழுத்த மின்கோபுரம் ஏறுவது அவன் வேலை. லீவு நாளில் பறவை பார்ப்பான். பறவைக் குழுவில் அவனுக்கு வைத்த பெயர் ‘வதந்தி’. வைத்த புண்ணியவான் குழுத் தலைவர், ஒரு பல் டாக்டர். அரிய செந்தலை வல்லூறைப் பார்த்துவிட்டேன் என்று அவன் மூன்று முறை எழுதினான். மூன்று முறையும் அது எங்கும் திரிகிற வைரி என்ற சின்னப் பருந்து. அவன் பெயர் வாட்ஸ்அப்பில் தெரிந்தாலே சிரிப்புப் பொம்மைகள் கொட்டும். அவனும் சேர்ந்து ஒன்று போடுவான்.

நாலாவது முறை அது நிஜமாகவே உட்கார்ந்திருந்தது. கோபுரத்தின் உச்சியில், காக்கை கைவிட்ட கூட்டில். செம்பட்டைத் தலை, வரிவரியான வயிறு, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். உள்ளே இரண்டு குஞ்சுகள். எல்லார் வாயையும் அடைக்கிறேன் பார் என்று படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பினான்.

அங்கேதான் சனியன் பிடித்தது. கோபுர எண் இல்லாத தகவலை அவன் ஆபீசில் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் எண்ணையும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டான். கூடு இருக்கும் இடத்தைப் பறவைக்காரர்கள் பெற்ற தாயிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். இதை அவனுக்கு ஒருத்தரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கேலி பண்ணவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

படம் கைமாறிக் கைமாறி அவன் ஆபீஸ் இன்ஜினியரிடம் வந்து சேர்ந்தது.

“ஒரு குச்சி சரிஞ்சா லைன் போயிடும். கூட்டை எடுத்துடு.”

“குஞ்சு இருக்கு சார். பறக்கறவரைக்கும் விட்டுடலாம் சார்.”

“நம்பரோட ஊருக்கே தண்டோரா போட்டது யாரு? போடாம இருந்திருந்தா நானும் பாக்காத மாதிரி இருந்திருப்பேன். இப்ப முடியுமா? நீயே ஏறு.”

லைனை நிறுத்தினார்கள், ஏறினான். தாய்ப் பறவை கத்திக்கொண்டே வந்து ஹெல்மெட்டில் மோதியது, திரும்பப் போய் மறுபடி மோதியது. குஞ்சுகளை இடுப்பில் தொங்கிய பைக்குள் போட்டான். கூட்டைப் பிய்த்துக் கீழே தள்ளினான். பையிலிருந்த பெரிய ஸ்பானரை எடுக்க மறந்துபோனான், பாவி. இறங்குவதற்குள் ஒரு குஞ்சின் கழுத்து நசுங்கிவிட்டது. இன்னொன்றை வனத்துறை ஆள் அட்டைப் பெட்டியில் வாங்கிப் போனார். மறுநாள் காலையில் அதுவும் போய்ச் சேர்ந்தது.

அன்றே சாயங்காலம் டாக்டரே போன் செய்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“வாழ்த்துகள் தம்பி! இந்தப் பக்கத்துல அது கூடு கட்டினதுக்கு முதல் பதிவு இதுதான். உங்க பேர்லயே போகுது. நசுங்கின குஞ்சு உங்ககிட்ட இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. ஃப்ரீசர்ல வைங்க, அளவெடுக்கணும்.”

“வச்சிருக்கேன் சார்.”

“சபாஷ்! இனிமே உங்களை யாரும் சந்தேகப்பட முடியாது.”

போனை வைத்தான். சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

“செத்ததைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க. என்னத்துக்குங்க சிரிக்கறீங்க?” என்று கேட்டாள்.

அப்போதுதான் தான் சிரித்துக்கொண்டிருப்பது அவனுக்கே தெரிந்தது.