முறம் தெரியாத பேத்தி

ஜூலை மாதத்து முதல் செவ்வாய், காலை பத்தரை மணி. புதுக்கோட்டையில் ஒரு பேச்சுப் பயிற்சி மையம். என் ஐந்து வயதுப் பேத்திக்குப் படம் பார்த்துப் பெயர் சொல்லும் சோதனை. உடனிருந்தவர்கள் அவள் தாயான என் கொரிய மருமகளும் நானும். என் மகன் சியோலில் இறந்தபின் இருவரும் திருக்கோகர்ணத்தில் என்னுடன் வசிக்கிறார்கள்.

பேத்தி கொரிய மொழி மட்டுமே பேசுவாள். பேச்சு வளர்ச்சி குறைவோ என்று ஐயுற்ற பள்ளி, சோதனை மதிப்பெண்ணைக் கேட்டிருந்தது. குறைந்தால் ஒரு வகுப்பு கீழே அமர்த்துவார்கள்.

குடையின் படத்துக்கு அவள் கொரியச் சொல்லைச் சொன்னாள், சரியென்று மருமகள் தலையசைத்தாள். முறத்தின் படம் என்னவென்று பேத்திக்குத் தெரியவில்லை. பயிற்சியாளரான இளம்பெண் சிரித்தபடி பட அட்டைகளை மூடிவைத்தார்.

"ஏதாவது ஒரு மார்க் போட்டுக் கொடுத்துடுங்கம்மா" என்றேன்.

"மாட்டேன் சார். எந்த வயசுல எத்தனை படம் சொல்லணும்ங்கிற கணக்கு, தமிழ் பேசுற புள்ளைங்களை வச்சுப் போட்டது. சியோல்ல யாருங்க முறத்துல பொடைக்கிறாங்க? நான் இங்கிட்டு ஒரு தப்பு நம்பரை எழுதுனா, அது வகுப்பு வகுப்பா இவ கூடவே வரும்."

கொரிய மொழிக் குழந்தைகளுக்கான வயது அளவு கிடைக்கும்வரை மதிப்பிட இயலாது என்று அவரே பள்ளிக்கு எழுதினார். பள்ளி ஏற்றது. பேத்தி தன் வயதுக்குரிய வகுப்பில் இருக்கிறாள்.

மகன் போனபின் ஆறுதல் சொன்னவர்கள் பலர். அவன் குழந்தையைப் பற்றித் தமக்குத் தெரியாததை எழுத மறுத்த அந்தப் பெண்தான் என்னைத் தாங்கினார்.

நான் இன்னும் செய்யாதவை:

அந்த வயது அளவைத் தேடித் தருவது.

அவருக்கு முறையாக நன்றி சொல்வது.

மருமகளிடம் கொரியம் கற்பது.

அப்பாவைப் பற்றிப் பேத்தி கேட்பதற்கு, அவள் மொழியிலேயே பதில் சொல்வது.