அம்மாவுக்கு வாங்கிய ஹார்ட் டிஸ்க்

இரண்டு வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். சமையலை முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் பட்டனைத் தட்டினேன். வழக்கமாக 'உய்ங்' என்று ஒரு சத்தம் வரும். அன்றைக்கு வேறு சத்தம் வந்தது. டக்... டக்... டக்... உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி.

திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி இங்கிலீஷ். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. தெரிந்துதான் ஆக வேண்டுமா? டாக்டர் முகத்தைப் பார்த்தாலே போதாதா, ரிப்போர்ட்டையும் படிக்க வேண்டுமா?

ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கீபோர்டில் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டி, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிறவள். இங்கே அச்சில் வந்ததெல்லாம் அந்த டிஸ்கில்தான் இருந்தது. அது போனால் போகட்டும். பத்திரிகைக் கட்டு பரணில் இருக்கிறது.

ஆனால் அச்சில் வராதவையும் அதில் இருந்தன. பதினெட்டு.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, அவரைப் பற்றி எனக்காக மட்டும் எழுதியவை. நல்ல மனிதர்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவை, நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகப் பதினாலு மாதம் என்னோடு பேசாமல் இருந்தார். இதே கள்ளிக்குப்பம் வீட்டில், நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு. அந்தப் பதினாலு மாதத்தைப் பற்றி ஆறு எழுதினேன். கடைசியில் ஆஸ்பத்திரியில், பேச்சு சரியாக வராத நிலைமையில், அவர் பேசித் தீர்த்ததைப் பற்றி மூன்று. மீதியெல்லாம் சின்னச் சின்ன விஷயம்.

பத்திரிகைக்கு அனுப்ப வெட்கம். பையனிடம் காட்ட அதைவிட வெட்கம். பிரிண்ட் எடுக்கலாம் என்றால் பிரிண்டர் ஹாலில் இருக்கிறது – தாள் வெளியே வருவதற்குள் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள். பென் டிரைவ் ஒன்று வைத்திருந்தேன். அதில் இப்போது பையனுடைய காரில் பாட்டு ஓடுகிறது.

ஆக, அந்தப் பதினெட்டுக்கும் ஒரே இடம்தான். அந்த இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தோம் தெரியுமா?

போன வருஷம் என் பையன் பாஸ்கர் தன் கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க் வாங்க நினைத்தான். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவன். இரண்டு வாரம் விசாரித்தான். யூட்யூபில் வீடியோ, வாங்கினவர்கள் எழுதின விமர்சனம், எத்தனை வருஷ வாரண்டி, எவ்வளவு வேகம் சுற்றும், சூடாகுமா, சத்தம் போடுமா... அவனுக்குப் பெண் பார்த்தபோதுகூட நாங்கள் இவ்வளவு விசாரிக்கவில்லை.

என் கம்ப்யூட்டரிலும் இடம் நிரம்பியிருந்தது. "நீயும் வாம்மா, ஒரேயடியா வாங்கிட்டு வந்துடலாம்" என்றான். திருமுல்லைவாயிலில் சீனு கடைக்குப் போனோம். சீனு அவனோடு படித்தவன். கடைகளுக்கும் வீடுகளுக்கும் சிசிடிவி கேமரா மாட்டுகிறான். கம்ப்யூட்டர் சாமானும் விற்கிறான்.

பாஸ்கருக்கு சீல் பிரிக்காத பெட்டி வந்தது. பில், வாரண்டி எல்லாம் சுத்தமாக. அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு சீனு என் பக்கம் திரும்பினான். என் பக்கம் என்றால் என்னிடம் இல்லை. என்னைப் பார்த்துவிட்டு, பாஸ்கரிடம்.

"அம்மாக்கு தானே மச்சான்? லெட்டர் மாதிரி டைப் அடிக்க போறாங்கோ, அவ்ளோதானே? இரு, நம்மகிட்டயே ஒண்ணு கீது."

மேஜை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்தான். பெட்டி இல்லை. பபிள் கவர்கூட இல்லை. மேலே பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்.

"புதுசாடா?" என்றான் பாஸ்கர்.

"புதுசு மாதிரிதான் மாமே. இதே அம்மாக்கு ஜாஸ்தி."

"பில்லு?"

"இன்னா மச்சான், நம்மகிட்டயே பில்லு கேக்கற? நான் இன்னா ஓடியா பூடப் போறேன்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேனே!

பழைய டிஸ்கில் இருந்ததை அங்கேயே புதிசில் ஏற்றினான் சீனு. பழையதைத் தன் டிராயரில் போட்டுக்கொண்டான். அந்தப் பழையது எந்த அம்மா வீட்டுக்குப் போயிற்றோ!

'நம்ம ஆளு' என்கிறோமே... அதுதான் நம்மிடம் உள்ள பெரிய கோளாறு. முகம் தெரியாத கடையில் பில் கேட்போம், சீல் பார்ப்போம், சண்டைகூடப் போடுவோம். நம்ம ஆளிடம் கேட்டால் அவமரியாதை. அதனால்தானோ என்னவோ, நம்மிடம் தள்ள வேண்டியதையெல்லாம் நம்ம ஆள்தான் தள்ளுகிறான்.

சரி, டிஸ்க் போன கதைக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் பாஸ்கர் வந்து பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். சீனுவுக்குப் போன் போட்டான், ஸ்பீக்கரில்.

"டேய், அம்மாவோட டிஸ்க் பூட்சுடா."

"அதுக்குள்ளயா? சரி வுடு மச்சான். வேற ஒண்ணு கீது, எத்துகினு போ. அம்மாவ கேட்டேன்னு சொல்லு."

அம்மாவைக் கேட்டானாம்!

"அதில் இருந்ததை எடுக்க முடியுமாப்பா?" என்றேன்.

"அதுக்கெல்லாம் ரொம்ப செலவாகும்மா. அப்படி என்னம்மா இருந்துச்சு அதுல? எல்லாம் நீ எழுதினதுதானே? மறுபடியும் எழுதிட்டா போச்சு."

அவன் கெட்டவன் இல்லை. அதில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வான். படிக்க மாட்டான்.

மறுநாள் "கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, டிஸ்கை ஒரு துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆவடி போய், அங்கிருந்து பூந்தமல்லிக்கு இன்னொரு பஸ். அங்கே ஷமீமா என்று ஒரு பெண் செத்த டிஸ்கிலிருந்து எடுத்துக் கொடுப்பார் என்று எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் சொல்லியிருந்தார்கள்.

கடை என்றால் ஒரு அறை. ஷமீமாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி. டிஸ்கை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது.

"இத்த எங்கமா வாங்கினீங்கோ?"

"தெரிஞ்ச பையன்மா..."

"தெரிஞ்ச பையனா? அப்போ சரி." சிரிக்கவில்லை. ஒயரை மாட்டினார். ஏதோ ஒரு கட்டத்தில் டக் டக் நின்று, திரையில் வரிசையாக எண்கள் வந்தன. ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "இது எவ்ளோ நேரம் ஓடிகீதுன்னு டிஸ்க்கே எழுதி வச்சிக்கும்மா. நாலு வருசத்துக்கு மேல வருது. ராவும் பகலும், ஒரு நிமிசம் நிக்காம. நீங்க எப்போ வாங்கினீங்கோ?"

"ஒரு வருஷம்கூட ஆகலை. தினம் இரண்டு மணி நேரம்தான் போடுவேன்."

"அப்ப இது கேமரா பொட்டில இருந்து கய்ட்டினது மா. எங்கியோ ஒரு கடைய பாத்துகினே தேஞ்சு போயி, அப்பால உங்க ஊட்டுக்கு வந்துகீது."

இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். மறுபடியும் கோயில் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். பாஸ்கரின் மனைவி, "அத்தைக்குத் திடீர்னு பக்தி ஜாஸ்தியாயிடுச்சு" என்றாள்.

ஷமீமா திரையை என் பக்கம் திருப்பினார். அச்சில் வந்ததில் பாதி கிடைத்திருந்தது. அந்தப் பதினெட்டு இருந்த இடம்தான் முழுக்கத் தேய்ந்துவிட்டதாம். ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"இது மட்டும் நல்லா கெட்சுது மா" என்று ஒன்றைத் தட்டினார். வீடியோ. ஏதோ ஒரு புடவைக் கடை. ஜனங்கள் செருப்பை விட்டு உள்ளே வருகிறார்கள், போகிறார்கள். வாசல் ஓரம் ஸ்டூலில் ஒரு வயசான அம்மாள் மடியில் நாலைந்து பையோடு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே அவருடைய ஆட்கள் புடவை எடுக்கிறார்கள் போலிருக்கிறது. நடுவில் ஒரு கை வந்து இன்னொரு பையை அந்த மடியில் வைத்துவிட்டுப் போகிறது. அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

யாரோ ஒருத்தி சும்மா உட்கார்ந்திருந்தது பத்திரமாக இருக்கிறது. நான் உட்கார்ந்து எழுதியது இல்லை.

அழுகை வரவில்லை. "எந்தக் கம்பெனி டிஸ்க் நல்லதும்மா?" என்று கேட்டேன்.

"எல்லாமே சாவும் மா. சீக்கிரமா, லேட்டா, அதான் வித்தியாசம். அதனால ஒண்ணு வாங்காதீங்கோ, ரெண்டு வாங்குங்கோ. ஒண்ணு உள்ள மாட்டுங்கோ. இன்னொண்ணுல காபி போட்டு பீரோல வைங்கோ."

"நீங்களே விக்கிறீங்களா?"

"ஐய, நான் வித்தா நல்லதால்ல விப்பேன்? அப்பால ரிப்பேருக்கு யாரு வருவா?" இப்போதுதான் சிரித்தார்.

அவர் சொன்னதையெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட்டுக்குப் பின்னால் எழுத ஆரம்பித்தேன். இடம் போதவில்லை. வீட்டில் வந்து நோட்டில் எழுதினேன். டெஸ்க்டாப்புக்கென்று செய்தது வேண்டும், கேமராவுக்குச் செய்தது வேண்டாம். சீலை என் கண் முன்னால் பிரிக்க வேண்டும். டிஸ்க் மேல் இருக்கிற நம்பர் பில்லிலும் இருக்க வேண்டும். அந்த நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டு, வாரண்டி எதுவரைக்கும் என்று காட்ட வேண்டும். மாட்டினதும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்ட வேண்டும் – சைபர், இல்லாவிட்டால் அதற்குப் பக்கத்தில். உங்களுக்கும் உபயோகப்படும், வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூரில் பெரிய கடை ஒன்றுக்குத் தனியாகப் போனேன். கவுண்டர் முன்னால் நின்றதும் வாய் வரவில்லை. எப்போதும் இப்படித்தான். நோட்டுத் தாளைக் கிழித்து அப்படியே நீட்டினேன். கடைக்காரர் முழுசும் படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கரெக்டா எழுதியிருக்காரே... உங்க பையனா மா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அப்படிச் சொன்னால்தான் சரியான சாமான் வரும் என்று பட்டது. வந்தது.

யோசித்துப் பாருங்கள், நம்ம வீடுகளில் சாமானுக்கென்று ஒரு பாதை இருக்கிறது. கடையிலிருந்து பையன் மேஜைக்கு. அங்கே பழசானால் பேத்தி கைக்கு. அவள் உடைத்த பிறகு அம்மாவுக்கு. அம்மாவுக்கு அப்புறம் காயலான் கடை. என் போன், என் டிவி, என் மிக்ஸி... எல்லாம் அந்த வழியாக வந்தவைதான். எது நம்பகமான டிஸ்க் என்று ஊரெல்லாம் கேட்கிறோம். யாருக்கு நம்பகம் வேண்டும் என்பதை மட்டும் கேட்காமலேயே முடிவு செய்துவிடுகிறோம்.

வாங்கின இரண்டில் ஒன்றை மாட்டியாகிவிட்டது. பதினெட்டில் ஒன்றையாவது மறுபடி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகச் சொன்னது ஜன்னலைப் பற்றி. 'ஜன்னலைச் சாத்து' என்றாரா, 'ஜன்னலைத் திற' என்றாரா? எழுதி வைத்திருக்கிறோமே என்ற தைரியத்தில் மனசு அதை எப்போதோ விட்டுவிட்டிருக்கிறது. நாலு நாளாக யோசிக்கிறேன். சாத்து... திற... இரண்டுமே அவர் குரலில்தான் கேட்கிறது.

நேற்று பாஸ்கர் வந்து எட்டிப் பார்த்தான்.

"ரெண்டு டிஸ்க்கா! உனக்கு எதுக்கும்மா ரெண்டு?" மேஜைமேல் இருந்த இரண்டாவதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "என் கல்யாண போட்டோ, பாப்பா வீடியோ எல்லாம் என்னுதுல ஒரே இடத்துலதான் இருக்கு. உன்னுதுல ஒரு காபி போட்டு வெச்சிடறேன், சேஃப்டிக்கு."

டிஸ்க் முக்கால்வாசி காலியாகத்தான் கிடக்கிறது.

"இடமில்லைப்பா" என்றேன்.