பாலு அடித்த கோல்கள்

முன்னறையில் யாரோ இருமினார்கள். வாசலில் நின்று வாய்விட்டுக் கூப்பிடக் கூச்சப்படுகிறவனின் இருமல்.

உள்ளறையில் ஜெகநாதன் வலது முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். நீலாவதி வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வடக்கே ரங்கத் என்ற ஊரில் டாக்டர் பரிசோதனை. அதில் தேறிவிட்டால் அங்கேயே இலாகாவில் நிரந்தர வேலை. தினக்கூலிப் பிழைப்புக்கு முழுக்கு. பதினோரு வருஷம் இலாகாவின் கால்பந்து அணிக்காக ஓடிய காலுக்கு அரசாங்கம் காட்டிய கருணை அது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அந்தக் கால் வலிக்காமல் மடங்கி நிமிர வேண்டும்.

நீலாவதி எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரு?"

"பேரு பாலசுப்பிரமணியமாம். நேத்து கப்பல்ல மெயின்லேண்டுல இருந்து வந்தாராம்."

ஜெகநாதன் அசையவில்லை. இத்தனை வருஷமாகப் போர்ட் பிளேயர் முழுவதும் அவனைக் கூப்பிட்ட பெயர் அது.

ஐம்பத்தைந்தில் இங்கே வந்து இறங்கியபோது அவனுக்கு இருபது வயது. கான்ட்ராக்டரிடம் மரம் இறக்கும் கூலி. ஒரு சாயங்காலம் ஜிம்கானா மைதானத்து ஓரம் வேடிக்கை பார்த்தவன், வெளியே உருண்டு வந்த பந்தை எட்டி உதைத்தான். அது நேராகக் கோலுக்குள் போனது என்று பிற்பாடு கதை கட்டினார்கள். உண்மையில் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அணியை நடத்திய தலைமை கிளார்க் பக்தவத்சலத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆனால் இலாகாவின் கூலிப் பதிவேடான மஸ்டர் ரோலில் பெயர் இருப்பவர்கள்தான் அணியில் ஆடலாம். புது ஆள் எடுப்பதோ நின்றுபோயிருந்தது.

"லீவுல போன ஒருத்தன் திரும்பல. பேரு மட்டும் ரோல்ல கிடக்கு. ரெண்டு மேட்ச்சுக்கு அந்தப் பேரில இறங்குடா. அப்புறம் மாத்திக்கலாம்" என்றார் அவர்.

மாற்றவே இல்லை. வேலையும் அந்தப் பெயரில், கோலும் அந்தப் பெயரில். வங்காளியும் தெலுங்கனும் மலையாளியும் ஒரே குரலில் "மாரோ பாலு, மாரோ" என்று, அடிக்கச் சொல்லி இந்தியில் கத்தினார்கள். ஒருமுறை வாய்விட்டுக் கேட்டான். "ஜெயிக்கிற குதிரைக்கு எவனாவது பேரை மாத்துவானா?" என்று கிளார்க் சிரித்தார். பிறகு ஓய்வு பெற்றுக் கப்பல் ஏறிவிட்டார். ஜெகநாதா என்று அவனைக் கூப்பிட ஊரில் ஒருவருமில்லை. பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வதில்லையே. அறுபத்தாறில் முழங்காலும் போனது.

நொண்டிக்கொண்டே முன்னறைக்கு வந்தான். வந்தவர் நாற்காலி நுனியில் ஒட்டியிருந்தார். நரைத்த தலை, சாயம்போன சட்டை.

"சண்டைக்கு வரலண்ணே. அம்மா சாகக் கிடந்தான்னு போனேன். அங்கயே மில்லுல சேர்ந்துட்டேன். மில்ல மூடி ரெண்டு வருஷமாச்சு. இங்க ஆபீஸ்ல பியூனா இருக்கிற மச்சான்தான் எழுதினான், உன் பேருக்கு ஆர்டர் வந்திருக்குன்னு."

"பந்து உருண்டையா சதுரமான்னாவது தெரியுமா உங்களுக்கு?" என்றாள் நீலாவதி.

"தெரியாதும்மா" என்றார் அவர், தலையைக் குனிந்து.

பிறகு இடது சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கைக்குக் கீழே நீளமான அரிவாள் தழும்பு.

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே இதை அடையாளமா ரிக்கார்டுல எழுதிட்டாங்கண்ணே. டாக்டர் முதல்ல இதைத்தான் பார்ப்பாரு. நீங்க போனா ரெண்டு பேருக்குமே வேலை இல்லாம போயிரும். ரங்கத்துல நம்மள யாருக்கும் தெரியாது, நான் போனா சந்தேகம் வராது. வேண்டாம்னு சொல்லுங்க, அடுத்த கப்பல்ல போயிடறேன்."

ஜெகநாதன் தன் கையைப் பார்த்தான். வழவழவென்றிருந்தது. இத்தனை நாளும் காலுக்குத்தான் பயந்தான். கையை அவன் நினைக்கவே இல்லை.

"புள்ளைங்க?"

"மூணும் பொண்ணுங்க."

ஜெகநாதன் நீலாவதி பக்கம் திரும்பினான்.

"நீலா, ஆட்டத்துல வாங்கின சர்டிபிகேட்டுங்களை எடு."

"மாட்டேன்."

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அவனே போய் எடுத்து வந்தான். ஏழு காகிதம், ஒரு போட்டோ. வந்தவர் வாங்கி, மேலே இருந்ததைப் படித்துவிட்டுத் தயங்கினார்.

"யாராச்சும் கேட்டா... அறுபத்தொண்ணு பைனல்ல எப்படிண்ணே கோல் போட்டீங்க?"

ஜெகநாதன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "நல்ல மழை. கடைசி நிமிஷம். மணியன் ஓரத்துல இருந்து தூக்கிப் போட்டான். தலையால முட்டப் போறேன்னு நினைச்சு கோல்கீப்பர் எழும்பினான். நான் குனிஞ்சு விட்டுட்டேன். சேத்துல விழுந்த பந்தை இடது கால்ல..."

"போட்டீங்க."

"அப்படிச் சொல்லாத. நான் போட்டேன்னு சொல்லு."

"நான் போட்டேன்."

"கண்ணைத் தாழ்த்தாம சொல்லு."

"நான் போட்டேன்" என்றார் அவர். கண்ணீர் தாடையில் வழிந்தது. அடுப்படிப் பக்கமிருந்து ஒரு விசும்பல் கேட்டது.

வந்தவர் காகிதங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். போட்டோவை மட்டும் திருப்பிக் கொடுத்தார். கோப்பையை ஏந்தி நிற்கும் இளைஞன். கீழே 'பாலசுப்பிரமணியம்' என்று அச்செழுத்து.

"இதுல உங்க முகம் இருக்குண்ணே. இதைக் காட்ட முடியாது."

"கால் நல்லாயிருக்கா உனக்கு?"

"இருக்குண்ணே."

"அச்சா. பாத்து இறங்கு, படி வழுக்கும்."

அவர் கைகூப்பினார். தூறலில் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார். சந்து திரும்பும்வரை ஜெகநாதன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நீலாவதி வந்து கதவைச் சாத்தினாள்.